வீரர் இறந்த பின்னும் இடமாற்றத் தொகை: எமிலியானோ சாலா வழக்கில் யார் யாருக்குக் கடன்பட்டவர்?

நெய்தல்வாசன்:

கால்பந்து வீரர் எமிலியானோ சாலாவின் சாவு தொடர்பாகப் பிரான்சின் நான்ட் கிளப்பின் மீது வேல்சின் கார்டிஃப் சிட்டி கிளப் தொடுத்த இழப்பீட்டு வழக்கில், நான்ட் நகர வணிக நீதிமன்றம் 2025 டிசம்பரில் இரு தரப்பு வாதங்களையும் கேட்டது. கார்டிஃப் கோரும் தொகை 10 கோடி யூரோவுக்கும் மேல். அந்தச் செய்தியைப் படித்ததிலிருந்து இதைப் பற்றி இங்கே விரிவாகப் பேச வேண்டும் என்று தோன்றியது. நம் களத்தில் சட்டம் அறிந்தவர்களும் கணக்குத் துறையினரும் இருப்பதால் அவர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன்.

வழக்கைப் பின்தொடராதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். அர்ஜென்டினாவின் சாண்டா ஃபே மாநிலத்தில் புரோகிரெசோ என்னும் சிற்றூரில் வளர்ந்த சாலா, பிரான்சின் போர்டோ கிளப்பில் பயின்று, சிறிய கிளப்புகளுக்கு இரவல் வீரராகச் சென்று, 2015இல் நான்ட் அணியில் சேர்ந்தார். 2018–19 பருவத்தின் முற்பாதியிலேயே பிரெஞ்சு முதல் பிரிவில் 12 கோல்கள் அடித்திருந்தார். இங்கிலாந்தின் முதல் பிரிவான பிரீமியர் லீகில் கீழ்வரிசையில் தத்தளித்துக்கொண்டிருந்த கார்டிஃப் அவரை 1 கோடியே 70 லட்சம் யூரோவுக்கு வாங்குவதாக 2019 ஜனவரி 19 அன்று அறிவித்தது. அந்தக் கிளப்பின் வரலாற்றில் அதுவரை யாருக்கும் அவ்வளவு தொகை கொடுக்கப்பட்டதில்லை. பழைய அணித் தோழர்களிடம் விடைபெற்று வர நான்ட் சென்ற சாலா, ஜனவரி 21 இரவு ஒற்றை இயந்திரச் சிறு விமானத்தில் கார்டிஃப் திரும்பும்போது கெர்ன்சி தீவுக்கு வடக்கே கடலில் விழுந்து இறந்தார். அப்போது அவருக்கு வயது 28. விமானி டேவிட் இபட்சனின் உடல் இன்றுவரை கிடைக்கவில்லை.

என்னை முதலில் உறுத்தியது காலவரிசைதான். அதிகாரபூர்வத் தேடல் ஜனவரி 24 அன்று நிறுத்தப்பட்டபோது, ரசிகர்களும் வீரர்களும் இணையத்தில் திரட்டிய பணத்தால் தனியார் தேடல் தொடர்ந்தது. அதன் பயனாகவே பிப்ரவரி 3 அன்று கடலடியில் விமானச் சிதைவு கண்டுபிடிக்கப்பட்டது. அங்கிருந்து மீட்கப்பட்ட உடல் சாலாவுடையது என்று பிப்ரவரி 7 அன்று உறுதிசெய்யப்பட்டது. அந்த உறுதிப்பாடு வருவதற்கு முன்பே, முதல் தவணையைச் செலுத்துமாறு நான்ட் கோரியிருக்கிறது என்ற செய்தி நாளிதழ்களில் வந்துவிட்டது. தாயும் தங்கையும் கடலைப் பார்த்துக் காத்திருந்த நாட்களில் இரண்டு கிளப்புகளின் வழக்குரைஞர்கள் ஒப்பந்தப் பிரிவுகளைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள்.

என் கேள்வி இதுதான். தொகை சட்டப்படி செலுத்தப்பட வேண்டியது என்றே வைத்துக்கொள்வோம். அதைக் கேட்ட முறையிலும், கொடுக்க மறுத்த முறையிலும், இன்றுவரை நீளும் எதிர்வழக்கிலும் இறந்தவர் எந்த இடத்தில் இருக்கிறார்?

---

கணக்காயன்:

நண்பர் நெய்தல்வாசன் அவர்களின் வருத்தம் நியாயமானது. ஆயினும் நான்ட் கிளப்பைப் பேராசைக்காரராக மட்டும் காட்டும் பொதுக்கருத்தோடு நான் உடன்படவில்லை. இந்தத் தொகையின் கட்டமைப்பைப் பார்த்தால் காரணம் விளங்கும்.

தொகை மூன்று தவணைகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. முதலிரண்டும் 60 லட்சம் யூரோ வீதம். மூன்றாவது 50 லட்சம் யூரோ. அதோடு, சாலாவை நான்டுக்கு விற்றபோது, பின்னாளில் கிடைக்கும் விற்பனைத் தொகையில் பாதி தனக்குச் சேர வேண்டும் என்று போர்டோ எழுதி வாங்கியிருந்தது. ஆக, கார்டிஃப் தவணையை நிறுத்தி வைத்தபோது, இந்தத் தகராறில் எந்தத் தொடர்பும் இல்லாத மூன்றாவது கிளப்பின் வரவும் நின்றுபோனது. அந்தப் போர்டோ பின்னாளில் கடன்சுமையில் மூழ்கி, 2024இல் தொழில்முறைக் கிளப் என்ற தகுதியையே இழந்து நான்காம் பிரிவுக்குச் சென்றது. சாலாவின் தவணை வராததால் அது வீழ்ந்தது என்று நான் கூறவில்லை. அதன் நோய் வேறு, மிகப் பெரியது. ஆனால் இத்தகைய கிளப்புகளின் கணக்கேட்டில் வரவேண்டிய தவணைகளே பெரும் சொத்தாக நிற்கின்றன, அவற்றை அடகு வைத்தே சம்பளம் கொடுக்கப்படுகிறது என்பதை மறந்துவிட்டு ‘ஏன் இவ்வளவு அவசரம்’ என்று கேட்க முடியாது. மேலும், ஃபிஃபா விதிகளின்படி, பன்னாட்டு இடமாற்றத் தொகையில் 5 விழுக்காடு, அந்த வீரரை 12 வயது முதல் 23 வயது வரை பயிற்றுவித்த கிளப்புகளுக்குப் பகிரப்பட வேண்டும். எங்கோ ஒரு சிற்றூர்க் கிளப்புக்குப் புதிய பந்துகளும் விளக்குக் கம்பங்களும் வரும் வழி அது.

நான்ட் செய்த தவறு பணத்தைக் கேட்டது அன்று. அந்த வாரத்தில் கேட்டதுதான் தவறு. நான்கு வாரங்கள் பொறுத்திருந்தால் எந்த உரிமையும் பறிபோயிருக்காது.

காப்பீட்டைப் பற்றியும் ஒன்று கூற வேண்டும். இவ்வளவு பெரிய சொத்தை வாங்கும் எந்த நிறுவனமும், அது தன் பொறுப்புக்கு வரும் நொடியிலிருந்து காப்பீடு தொடங்குகிறதா என்பதைத்தான் முதலில் உறுதிசெய்யும். கார்டிஃப் அதைச் செய்யவில்லை. சாலா இறந்த நேரத்தில் அவர் காப்பீட்டுக்குள் வரவில்லை என்பதால், கிளப் தன் காப்பீட்டுத் தரகு நிறுவனத்தின் மீதே 1 கோடி பவுண்டுக்கு மேல் கோரி இலண்டனில் வழக்குத் தொடுத்தது. பல ஆண்டு வழக்குகளின் அடியில் கிடப்பது ஒரு விண்ணப்பம் உரிய நாளில் அனுப்பப்படாமற்போனது என்பதே என் கணிப்பு.

---

தென்கரை:

கணக்காயன் ஐயா, நீங்கள் ‘சொத்து’ என்று எழுதியதைப் படிக்கும்போது மனம் வலிக்கிறது. ஆயினும் கணக்கேட்டில் அப்படித்தான் எழுதுவார்கள் என்பதால் அதை விடுகிறேன்.

நான் கார்டிஃப் தரப்பில் சற்று நிற்க விரும்புகிறேன், ஏனெனில் அதன் பக்கத்து நியாயம் இங்கே போதுமான அளவு பேசப்படவில்லை. அந்த விமானத்தைக் கார்டிஃப் ஏற்பாடு செய்யவில்லை. வணிக விமானத்தில் அழைத்துச் செல்ல முன்வந்தோம், அதற்குப் பதிலாக வேறு ஏற்பாடு நடந்தது என்பது கார்டிஃப் தரப்பின் கூற்று. பயணத்தை ஏற்பாடு செய்தவர் வில்லி மெக்கே. அவருடைய மகன் மார்க் மெக்கேதான் சாலாவை இங்கிலாந்தில் விற்றுத்தர நான்ட் கிளப்பால் அமர்த்தப்பட்ட முகவர். வில்லி மெக்கே அழைத்தது டேவிட் ஹென்டர்சன் என்பவரை. ஹென்டர்சன் தாம் வெளிநாட்டில் விடுமுறையில் இருந்ததால் இபட்சனை அனுப்பினார். விமானத்தையோ விமானியையோ தாம் தேர்ந்தெடுக்கவில்லை என்று மெக்கே கூறியிருக்கிறார். அதையும் பதிவு செய்வதுதான் நேர்மை. ஆனால் விற்பனையால் பயன் பெறும் தரப்பின் ஆள், விற்பனை முடியும் கட்டத்தில் செய்த ஏற்பாட்டில் ஒருவர் இறக்கிறார் என்றால், விற்றவருக்கு அதில் எந்தப் பொறுப்பும் இல்லை என்று எப்படிச் சொல்வது? நான்ட் நீதிமன்றத்தில் கார்டிஃப் எழுப்பும் கேள்வி இதுதான்.

ஒரு நாள்கூடப் பயிற்சிக்கு வராத, ஒரு நிமிடம்கூட அந்தச் சட்டையை அணிந்து ஆடாத வீரருக்காக முழுத் தொகையையும் கட்டச் சொல்லும்போது, ‘முதலில் அவர் எப்படி இறந்தார் என்று தெரியட்டும்’ என்று கேட்பது மனிதத்தன்மையற்ற செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. விபத்து விசாரணை அறிக்கை 2020 மார்ச்சில் வந்தது. ஹென்டர்சன் மீதான குற்றத் தீர்ப்பு 2021இல் வந்தது. மரண விசாரணை 2022 மார்ச்சில்தான் முடிந்தது. ஃபிஃபாவோ 2019 செப்டம்பரிலேயே முதல் தவணையைக் கட்டு என்று உத்தரவிட்டுவிட்டது. உண்மை முழுமையாக வெளிவருவதற்கு முன்பே பணத்தின் வழக்கு முடிக்கப்பட்டது. இது எனக்கு நெருடலாகவே இருக்கிறது.

---

மலர்விழி:

வழக்குரைஞர் என்ற முறையில் சில செய்திகளைத் தெளிவுபடுத்துகிறேன். இந்த வழக்கில் இரண்டு கேள்விகள் பொதுவெளியில் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கின்றன. சாலா இறந்த நேரத்தில் இடமாற்றம் நிறைவேறியிருந்ததா என்பது ஒன்று. அவருடைய சாவுக்கு யார் பொறுப்பு என்பது மற்றொன்று. முதலாவது ஒப்பந்தச் சட்டத்தின் கேள்வி. இரண்டாவது தீங்கியல் சட்டத்தின், அதாவது பிறருக்கு விளைவித்த தீங்குக்கு ஈடு கேட்கும் சட்டத்தின் கேள்வி. ஃபிஃபாவும் சுவிட்சர்லாந்தின் லொசானில் உள்ள விளையாட்டு நடுவர் நீதிமன்றமும் முதல் கேள்விக்கு மட்டுமே விடை கூறின.

கிளப்புகளுக்கு இடையிலான ஒப்பந்தம் சில நிபந்தனைகளின் பேரில் நடைமுறைக்கு வருவதாக எழுதப்பட்டிருந்தது: வீரர் மருத்துவச் சோதனையில் தேற வேண்டும், பிரெஞ்சு லீகும் வேல்ஸ் கால்பந்துச் சங்கமும் அவர் கார்டிஃப் வீரராகப் பதிவாகிவிட்டதையும், பன்னாட்டு இடமாற்றச் சான்றிதழ் விடுவிக்கப்பட்டதையும் உறுதிசெய்ய வேண்டும். ஜனவரி 21 மாலை, அந்த விமானம் புறப்படுவதற்குச் சில மணி நேரம் முன்பு, சான்றிதழ் நடைமுறை முடிந்துவிட்டது.

கார்டிஃபின் வாதம் வேறு ஓர் ஓட்டையைப் பற்றிக்கொண்டது. சாலாவின் பணி ஒப்பந்தத்தில் கையெழுத்துத் தொகை (கையெழுத்திடுவதற்காக வீரருக்குத் தரும் பணம்) எழுதப்பட்டிருந்த விதம் விதிக்கு ஒத்துவரவில்லை என்று பிரீமியர் லீக் அதைத் திருப்பியிருந்தது. திருத்திய ஒப்பந்தத்தில் அவர் கையெழுத்திட்டிருக்கவில்லை. ஆகவே அவர் பிரீமியர் லீகில் ஆடும் தகுதியே பெறவில்லை, இடமாற்றம் செல்லாது என்று கார்டிஃப் வாதிட்டது. நடுவர் நீதிமன்றம் 2022 ஆகஸ்ட் 26 அன்று இதை ஏற்க மறுத்து, இடமாற்றம் அவர் இறப்பதற்கு முன்பே நிறைவேறிவிட்டது என்று தீர்ப்பளித்தது. என் பார்வையில் தீர்ப்பு சரியானது. பிரீமியர் லீகில் பதிவு என்பது நிபந்தனையாக அந்த ஒப்பந்தத்தில் எழுதப்படவில்லை, எழுதியிருக்கலாம், எழுதவில்லை. எழுதாததை இறப்புக்குப் பிறகு வாசித்துச் சேர்க்க முடியாது.

இதற்குத் துணைநிற்கும் பின்னணி ஒன்றும் உண்டு. ஃபிஃபா விதிகள் பேசாத இடங்களில் நடுவர் நீதிமன்றம் சுவிஸ் சட்டத்தைத் துணைக்கு அழைக்கும். விற்பனை ஒப்பந்தங்களைப் பற்றிய சுவிஸ் சட்டத்தின் பொது நெறி, ஒப்பந்தம் முடிந்தவுடன் பொருளின் நன்மையும் ஆபத்தும் வாங்குபவருக்குப் போய்விடும் என்பதாகும். வீரர் பொருள் அல்லர் என்பதால் அந்தப் பிரிவை அப்படியே பொருத்த முடியாது. ஆனால் ‘நிறைவேறிய பின் இழப்பு வாங்கியவருடையது’ என்னும் எண்ணம் அந்தச் சட்ட மரபுக்குப் புதியதன்று.

தென்கரை அவர்கள் கேட்பது இரண்டாவது கேள்வி. நான்ட் எங்களுக்குத் தரவேண்டிய இழப்பீட்டை இந்தத் தவணையில் கழித்துக்கொள்ளுங்கள் என்று கார்டிஃப் கேட்டபோது, அதை விசாரிக்கும் அதிகாரம் தனக்கு இல்லை என்று நடுவர் நீதிமன்றம் கூறிவிட்டது. சுவிட்சர்லாந்தின் உச்ச நீதிமன்றத்திலும் கார்டிஃப் தோற்றது. 2023 ஜனவரியில் ஃபிஃபாவின் இடமாற்றத் தடைக்கு ஆளான பிறகே முதல் தவணை கட்டப்பட்டது. எஞ்சிய 1 கோடியே 10 லட்சம் யூரோவையும் கட்டுமாறு பின்னர் ஆணை வந்தது. அதே ஆண்டில்தான் கார்டிஃப் பிரெஞ்சு வணிக நீதிமன்றத்தை நாடியது. ஆகவே அது தோற்றவர் பழிவாங்கத் தொடுத்த வழக்கு என்று சிலர் எழுதுவது சரியன்று. கேட்க வேண்டிய மன்றம் கேட்க மறுத்த கேள்வியை வேறொரு மன்றத்தில் கேட்கிறார்கள்.

---

புல்வெளி:

அனைவருக்கும் வணக்கம். நான் சட்டம் படித்தவன் அல்லன். ஆனால் 2019 ஜனவரி 29 அன்று ஆர்சனல் ஆடுகளத்தில் நடந்த ஆட்டத்துக்காக வெளியிடப்பட்ட சிற்றேட்டில் கார்டிஃப் அணி வரிசையில் சாலாவின் பெயர் அச்சிடப்பட்டு, எண் இருக்க வேண்டிய இடத்தில் வேல்சின் மலரான டாஃபடில் வரையப்பட்டிருந்ததை நான் மறக்கவில்லை. கார்டிஃப் ரசிகர்கள் அவரைத் தங்கள் வீரராகவே எண்ணி அழுதார்கள். அதே கிளப் பின்னர் மன்றத்தில் ‘அவர் எங்கள் வீரர் அல்லர்’ என்று வாதிட்டதை அந்த ரசிகர்கள் எப்படித் தாங்கினார்கள் என்றே நான் பல முறை எண்ணியிருக்கிறேன். நான்ட் கிளப் அவர் அணிந்த 9ஆம் எண்ணை இனி யாருக்கும் தருவதில்லை என்று அறிவித்தது. ஓராண்டு கழித்து அர்ஜென்டினாவின் நீலமும் வெள்ளையும் கலந்த சட்டையில் ஆடியது. இரண்டு கிளப்புகளின் அஞ்சலியும் பொய்யில்லை என்றே நம்புகிறேன்.

சாலாவின் தந்தை ஓராசியோ, மகனை அடக்கம் செய்து மூன்று மாதம்கூட ஆகாத நிலையில், 2019 ஏப்ரல் 26 அன்று மாரடைப்பால் இறந்துபோனார். பிணவறைக் கண்காணிப்புக் கருவியின் பதிவிலிருந்து சாலாவின் உடலைப் படமெடுத்துப் பரப்பியதற்காக இருவர் இங்கிலாந்தில் சிறை சென்றார்கள். அந்தக் குடும்பம் எத்தனை விதங்களில் அவமதிக்கப்பட்டது என்பதைப் பேசாமல் தவணைகளை மட்டும் பேச எனக்கு மனம் வரவில்லை.

---

நெய்தல்வாசன்:

மலர்விழி அம்மையார் இரண்டு கேள்விகளையும் பிரித்துக் காட்டியது பேருதவி. அதன் மேல் நின்று என் கருத்தைக் கூறுகிறேன்.

பிரித்தானிய விமான விபத்து விசாரணைப் பிரிவின் அறிக்கையைப் பொறுமையாகப் படித்தேன். விமானம் 1984இல் கட்டப்பட்ட பைப்பர் மாலிபு. மேகங்களைத் தவிர்த்துக் கண்பார்வையில் பறக்க முயன்ற விமானி, ஒரு திருப்பத்தில் கட்டுப்பாட்டை இழந்தார். தாங்கும் வேகத்தை மீறிய விமானம் வானிலேயே உடைந்தது. வெளியேற்றக் குழாயிலிருந்து கசிந்த கார்பன் மோனாக்சைடு விமானியையும் பாதித்திருக்க வேண்டும் என்பது அறிக்கையின் முடிவு. சாலாவின் இரத்தத்தில் அந்த நச்சின் செறிவு 58 விழுக்காடு இருந்தது. மரண விசாரணையின் நடுவர் குழு, அவர் ஆழ்ந்த மயக்கத்தில் இருந்தபோதே மோதல் நிகழ்ந்தது என்று கூறியது. அந்த விமானியிடம் இரவில் பறக்கும் தகுதி இல்லை. கட்டணம் பெற்றுப் பயணியை ஏற்றிச் செல்லும் உரிமம் இல்லை. அந்த வகை விமானத்தை ஓட்டும் தகுதி 2018 நவம்பரிலேயே காலாவதியாகிவிட்டது. அவரை இனி அந்த விமானத்தில் அனுப்ப வேண்டாம் என்று விமானத்தின் உரிமையாளர் முன்பே ஹென்டர்சனிடம் சொல்லியிருந்தது கார்டிஃப் நீதிமன்றத்தில் வெளிவந்தது. விபத்துக்குப் பிறகு ஹென்டர்சன், வாய் திறக்காதீர்கள் என்று பிறருக்குச் செய்தி அனுப்பியதும் அங்கே வெளிவந்தது. விமானத்தின் பாதுகாப்பைக் கெடுத்த குற்றத்துக்காக 18 மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. வாயைக் கட்டுப்படுத்த ஆள் இருந்தது. கசியும் குழாயைக் கவனிக்க ஆள் இல்லை.

கட்டணத்துக்குப் பறப்பதை நண்பரின் உதவிப் பயணம்போலக் காட்டும் இந்தப் பழக்கம் கால்பந்து, குதிரைப் பந்தய வட்டாரங்களில் நெடுநாளாக உள்ளது. பயணி ஏறும்போது கேட்க மாட்டார். முகவரும் கேட்க மாட்டார். கிளப்புக்குத் தெரியவே தெரியாது. சாலாவோ விமானத்திலிருந்து நண்பர்களுக்கு அனுப்பிய குரல் பதிவில், விமானம் பிய்ந்து விழப்போவதுபோல் இருக்கிறது, தமக்கு அச்சமாக இருக்கிறது என்று சொன்னார். யாரிடம் முறையிடுவது என்று தெரியாமல் நண்பர்களிடம் சொன்ன சொல் அது.

அன்று மாலை சாலா சட்டப்படி கார்டிஃப் வீரர். அப்படித்தான் தீர்ப்பு கூறுகிறது, நானும் ஏற்கிறேன். ஆனால் கார்டிஃபுக்கு அவருடைய பயணத்தின் மீது எந்தப் பிடியும் இல்லை. நான்டுக்கோ அவர் முன்னாள் பணியாளர். முகவருக்கு விற்பனையோடு வேலை முடிந்தது. கையெழுத்துக்கும் முதல் பயிற்சிக்கும் இடையே உள்ள இந்த இரண்டு மூன்று நாட்களில், விலையின் உரிமை யாருக்கு என்பதை எழுத எத்தனையோ பக்கங்கள் செலவிடப்பட்டிருக்கின்றன. ஆளின் பாதுகாப்பு யாருடையது என்பதற்கு ஒரு வரிகூட எழுதப்படவில்லை. ஏழு ஆண்டு வழக்குகளிலும் எந்தத் தரப்பும் இதைத் தன் குறையாகச் சொன்னதில்லை. அதனால்தான் எனக்கு இரண்டு கிளப்புகள் மீதும் மனத்தாங்கல்.

---

கணக்காயன்:

நண்பரின் கடைசிப் பத்தியோடு முழுமையாக உடன்படுகிறேன். ஆனால் கார்டிஃப் கோரும் இழப்பீட்டின் அளவைப் பற்றிப் பேசாமல் விட முடியாது. இடமாற்றத் தொகையைத் திரும்பக் கேட்பது ஒன்று. சாலா உயிரோடு இருந்திருந்தால் பிரீமியர் லீகிலிருந்து இறங்கியிருக்க மாட்டோம், ஆகவே இழந்த வருவாயையும் தாருங்கள் என்று கேட்பது வேறு. கார்டிஃப் 34 புள்ளிகளோடு 18ஆம் இடத்தில் முடித்தது. அதற்கு மேலே தப்பிய பிரைட்டன் பெற்றது 36. அந்த இரண்டு புள்ளிகளின் மேல்தான் கோரிக்கையின் பெரும்பகுதி கட்டப்பட்டிருக்கிறது.

சாலா சேர்ந்த நாளில் 15 ஆட்டங்கள் எஞ்சியிருந்தன. அவர் அந்த லீகில் ஆடியதே இல்லை. ஒரு முன்கள வீரர் வந்த அரைப் பருவத்தில் எத்தனை கோல் அடிப்பார் என்பதைப் புள்ளியியல் மாதிரியால் மதிப்பிடலாம். மதிப்பீடு என்பது நிகழ்தகவுதான். அதே பருவத்தில், 2019 மார்ச் 31 அன்று, செல்சிக்கு எதிராகக் கார்டிஃப் 1–0 என்று முன்னணியில் இருந்தபோது ஆட்டம் முடிய சில நிமிடங்களே இருக்கையில் அஸ்பிலிகுவேட்டா வெளிப்படையான ஆஃப்சைடு நிலையில் கோலடித்தார். காணொளி நடுவர் முறை அந்த லீகுக்கு வராத ஆண்டு அது. கூடுதல் நேரத்தில் இரண்டாவது கோலும் விழுந்து கார்டிஃப் தோற்றது. அந்த ஒரு கொடியசைப்பின் விலையை யாரிடம் கேட்பார்கள்? லீகிலிருந்து இறங்கியதற்கு நூறு காரணங்கள் இருக்கும்போது, இறந்தவரின் பெயரில் முழுச் செலவுச் சீட்டையும் எழுதுவது முறையன்று என்பது என் உறுதியான கருத்து.

கார்டிஃப் 2025இல் மூன்றாம் பிரிவுக்கே இறங்கிவிட்டது. பணத்தின் தேவை எனக்குப் புரிகிறது. தேவை வேறு, உரிமை வேறு.

---

தென்கரை:

லீகிலிருந்து இறங்கியதன் இழப்பைக் கோருவது மிகை என்பதை நானும் மறுக்கவில்லை. உயிரோடு இருந்தபோது ஒருவர் அடிக்காத கோல்களை அவர் இறந்த பிறகு எண்ணிக் காசாக்குவது எனக்கும் உவப்பாக இல்லை.

ஆனால் அந்தப் பெரிய தொகையைக் காட்டி, அதன் கீழே உள்ள சிறிய, நியாயமான கேள்வியையும் தள்ளிவிடக் கூடாது. விற்கும் கிளப் அமர்த்திய முகவர் வீரருக்கு ஏற்பாடு செய்யும் பயணத்துக்கு அந்தக் கிளப் பொறுப்பாகுமா? இதற்கு ஒரு நீதிமன்றம் எழுத்தில் விடை தந்தால், விடை எதுவாக இருந்தாலும், அடுத்த இடமாற்றக் காலத்தில் ஒவ்வொரு கிளப்பின் சட்டப் பிரிவும் அதைப் படிக்கும். சாலாவுக்குப் பிறகும் வீரர்கள் முகவர் அனுப்பும் சிறு விமானங்களில் ஏறிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அதற்காகவே இந்த வழக்கு நடக்கட்டும் என்கிறேன்.

மலர்விழி அம்மையாரிடம் ஒன்று கேட்க வேண்டும். நெய்தல்வாசன் சொல்லும் அந்த இடைப்பட்ட நாட்களுக்கு ஒப்பந்தத்தில் எப்படிப் பாதுகாப்பு எழுதுவது? தீர்ப்புக்காகக் காத்திருக்காமல் இன்றே செய்யக்கூடியது எது?

---

மலர்விழி:

தென்கரை அவர்களுக்கு: செய்யக்கூடியவை கடினமானவை அல்ல.

முதலாவது, கிளப்புகளுக்கு இடையிலான ஒப்பந்தத்தில் காப்பீட்டையே நிபந்தனையாக எழுதலாம். வாங்கும் கிளப் இடமாற்றத் தொகைக்கு ஈடான உயிர்க் காப்பீட்டை நடைமுறைக்குக் கொண்டுவந்த சான்றை அளித்த பிறகே ஒப்பந்தம் நிறைவேறும் என்று ஒரு வரி இருந்திருந்தால், ஜனவரி 21 மாலை இந்தத் தகராறுக்கே இடமிருந்திருக்காது. அதில் ஒரு பகுதி குடும்பத்துக்கு நேராகச் செல்ல வேண்டும் என்றும் எழுதலாம். எழுத வேண்டும் என்றே நான் சொல்வேன். புல்வெளி அவர்களின் வருத்தத்துக்குச் சட்டம் தரக்கூடிய பதில் அந்த அளவுதான்.

ஃபிஃபாவால் இதைக் கட்டாயமாக்க முடியாது என்று யாரும் கூற வேண்டாம். தேசிய அணிக்கு ஆடும்போது காயமடையும் வீரரின் சம்பளத்தை அவருடைய கிளப்புக்கு ஈடுசெய்யும் திட்டத்தை அது 2012 முதல் நடத்திவருகிறது. ஒரு வீரருக்கு 75 லட்சம் யூரோ வரை அதில் உண்டு. கிளப்பின் சம்பளச் சுமைக்கு உலக அளவில் காப்பீடு அமைக்கத் தெரிந்த அமைப்புக்கு, இடமாற்றத்தின் இடைவெளி நாட்களுக்கு ஒன்றை அமைக்கத் தெரியாமற்போகாது. பயிற்சிப் பங்குகளைப் பகிர்ந்தளிக்கத் தனியாகத் தீர்வகம் ஒன்றை 2022 முதல் இயக்குகிறார்கள். இத்தகைய தகராறு எழுந்தால், விற்ற கிளப்பின் பங்கை மட்டும் அங்கே வைப்பாக நிறுத்திவிட்டு, போர்டோ போன்ற மூன்றாம் தரப்பின் பங்கையும் பயிற்சிக் கிளப்புகளின் 5 விழுக்காட்டையும் உடனே விடுவிக்க வழி செய்யலாம்.

பயணத்தைப் பொறுத்தவரை, கையெழுத்திட்ட நொடி முதல் வீரரின் பயணத்தை வாங்கும் கிளப் மட்டுமே, உரிமம் பெற்ற நிறுவனத்தின் வழியாக மட்டுமே ஏற்பாடு செய்யும் என்றும், முகவரோ விற்கும் கிளப்போ வேறு ஏற்பாடு செய்தால் அதன் முழுப் பொறுப்பும் செய்தவரையே சாரும் என்றும் எழுதலாம். விமானத்தை வாடகைக்கு அமர்த்தும்போது அந்த நிறுவனம் வணிக விமானச் சான்றிதழ் வைத்திருக்கிறதா என்று கேட்க ஐந்து நிமிடம் போதும். பிரித்தானியாவில் அந்தப் பட்டியல் பொதுவெளியிலேயே இருக்கிறது.

நீங்கள் கேட்ட பொறுப்புக் கேள்விக்கு என் தனிக் கருத்தையும் சொல்லிவிடுகிறேன். முகவரான மகனோடு போட்ட விற்பனை ஒப்பந்தம், தந்தை செய்த பயண ஏற்பாட்டுக்கும் நான்ட் கிளப்பைப் பொறுப்பாளியாக்கும் என்று நிறுவுவது கடினம். விற்பனைப் பணியின் எல்லைக்குள் அந்தப் பயணம் வந்தது என்று கார்டிஃப் காட்டியாக வேண்டும். சாலா விடைபெறச் சென்றது தம் சொந்த விருப்பத்தால் என்பது கார்டிஃபுக்கு எதிராக நிற்கும். திங்கட்கிழமை இரவே அவர் திரும்ப வேண்டியிருந்தது மறுநாள் காலைப் பயிற்சிக்காக என்பது அவர்களுக்கு ஆதரவாக நிற்கும். அந்தப் பயிற்சி யாருக்காக, யாருடைய கட்டளையின் பேரில் என்பதில்தான் வழக்கின் எடை இருக்கிறது என்று கருதுகிறேன். மற்றவை எல்லாம் தொகையைப் பற்றிய வாதங்களே.